புலியான கவிஞனும் 'மிகப் பொருத்தமான' விடையும்



ஜப்பானிய மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் சிறுகதை ஒன்று உண்டு. நகாஜிமா அத்சுஷி எழுதிய 'சங்கெட்சுகி' என்பது அதன் பெயர். மலை, நிலவு, குறிப்பு என்னும் மூன்று எழுத்துகளால் ஆன தலைப்பு அது. 1942ஆம் ஆண்டில் அக்கதை வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, தம் 33ஆம் வயதில், ஆசிரியர் மறைந்தார். சீனத்துத் தாங் அரச மரபுக் காலத்துப் பழங்கதை ஒன்றைத் தழுவி எழுதப்பட்ட அக்கதையின் தலைவன் ஒரு கவிஞன். ஜப்பானிய மாணவர் 'ரிச்சோ' என ஒலிக்கும் பெயருடையவன்.

ரிச்சோ இளமையிலேயே அரசுத் தேர்வில் வென்றவன். சிறு பதவியில் அமர்ந்து பிறர்க்குப் பணிந்து வாழ விரும்பாமல் அதனைத் துறந்து, கவிதையால் நிலைத்த புகழ் பெற விழைந்தவன். புகழ் வரவில்லை, வறுமை வந்தது. மனைவி மக்களின் பசிக்காக மீண்டும் ஒரு சிறு பதவியை ஏற்கிறான். ஒருநாள் இரவில் பித்துப் பிடித்து இருளில் ஓடி மறைந்தவன் புலியாகிவிடுகிறான். மறு ஆண்டு அவ்வழியே வரும் பழைய நண்பன் என்சான், புதருக்குள்ளிருந்து எழும் குரலைக் கேட்டு அவனை அறிந்துகொள்கிறான். தன் கவிதைகளை எழுதிவைக்குமாறு புலி வேண்டுகிறது. முப்பது கவிதைகள் அளவில் சொல்கிறது. அவை உயர்ந்த ஆற்றல் உடையவை என்பதில் என்சானுக்கு ஐயமில்லை. ஆயினும் முதல்தரப் படைப்பாவதற்கு எங்கோ, மிக நுண்ணிய ஓரிடத்தில், ஏதோ குறைகிறது என்று அவன் உள்ளம் உணர்கிறது. அது யாது என்பதைக் கதை சொல்வதில்லை.

இவ்விடத்தில் வகுப்பறையில் தவறாமல் எழும் வினா ஒன்று: 'அக்கவிதைகளில் குறைந்தது எது?' சில மாணவர், மனைவி மக்களைப் பற்றிப் பேசுமுன் கவிதையைப் பற்றிப் பேசினானே, அந்த அன்பின் குறைவே என்பர். ரிச்சோவே தன் இழிவாக அதனைப் பின்னர்க் கூறிக்கொள்வதால் அவ்விடைக்குச் சான்று உண்டு. சிலர், பிறரோடு பழகித் தன்னைத் தீட்டிக்கொள்ளாத செருக்கைக் காட்டுவர். அதற்கும் சான்று உண்டு. வேறு சிலர், குறை கவிதையில் உள்ளதா, கேட்பவன் உள்ளத்தில் உள்ளதா என்று திருப்பிக் கேட்பர். இம்மூவருள் யாருக்கு எத்தனை மதிப்பெண் வழங்குவது? படித்துணரும் ஆற்றலை அளப்பது குறித்து ஜப்பானியக் கல்வி உலகம் பல்லாண்டுகளாக நடத்திவரும் வாதம் முழுவதும் இவ்வொரு கேள்விக்குள் அடங்கும்.

முதற்கண் அங்குள்ள அமைப்பை நோக்குவோம். தாய்மொழிப் பாடத்தை அங்கு 'கொகுகோ', அதாவது நாட்டுமொழி, என்பர். தொடக்கப் பள்ளி ஆறாண்டும் இடைநிலைப் பள்ளி மூன்றாண்டும் மேல்நிலைப் பள்ளி மூன்றாண்டும் ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பாடம் தொடரும். இறுதியில் பல்கலைக்கழகம் புக விரும்புவோர் ஜனவரித் திங்களில் நாடு தழுவிய பொதுத் தேர்வை எழுதுவர். 1979இல் தொடங்கிய அத்தேர்வு, 1990இல் 'மையத் தேர்வு' என்றும், 2021இல் 'பொதுத் தேர்வு' என்றும் உருமாறியது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாணவர் எழுதும் தேர்வு அது. மொழித்தாளுக்கு 200 மதிப்பெண்கள். நெடுங்காலம் அவை நான்கு சம பங்குகளாக இருந்தன: கருத்துரைக் கட்டுரை ஒன்று, புனைகதை ஒன்று, ஜப்பானியப் பழம்பனுவல் ஒன்று, சீனச் செம்மொழிப் பனுவல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 50. நேரம் 80 மணித்துளிகள்.

விடைகள் யாவும் பலவுள் ஒன்றைத் தெரிந்து வட்டத்தைக் கருமையாக்கும் முறையிலேயே அமைவன. உரைப்பகுதியில் ஒரு தொடர் அடிக்கோடிடப்பட்டிருக்கும்; அதன் பொருள் யாது, அவ்விடத்தில் பாத்திரத்தின் மனநிலை யாது என்று வினா எழும். கீழே நான்கோ ஐந்தோ விடைகள் நிற்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்க என்னும் அறிவுரையில் 'சரியான விடை' என்ற சொல் இராது. 'மிகப் பொருத்தமானது' என்றே இருக்கும். இலக்கிய வாசகர் கவனிக்கத்தக்க சொல் இது. பிறவும் ஓரளவு பொருந்தலாம் என்பதை வினாத்தாளே ஒப்புக்கொள்கிறது.

இம்முறையை எளிதாக எண்ணிவிடலாகாது. பிழையான விடைகளை ஆக்குவதே இங்கு அரிய பணி. ஒன்று உரையில் இல்லாததைச் சொல்லும். ஒன்று உரையிலுள்ள இரு செய்திகளை எடுத்து, அங்கில்லாத காரண காரியத் தொடர்பால் பிணைக்கும். ஒன்று உண்மையையே சொல்லும், ஆனால் கேட்ட வினாவுக்கு விடையாகாது. ஒன்று ஒரே ஒரு சொல்லால் மிகைப்படுத்தும். இந்நான்கையும் விலக்கி ஐந்தாவதைக் கொள்ளும் மாணவன் உரையைக் கூர்ந்து படித்தவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் கற்றுக்கொள்ளும் திறம், விலக்கும் திறம். தனிப்பயிற்சி நிலையங்கள் இதனை 'விலக்கு முறை' என்று தனிக் கலையாகவே கற்பிக்கின்றன. எதைச் சொல்லக்கூடாது என்று அறிந்த ஒருவன், எதைச் சொல்லவேண்டும் என்றும் அறிவான் என்பதற்கு உறுதி இல்லை.

ஜப்பானிய மொழியின் இயல்பும் இவ்வளவையோடு நெருங்கிய தொடர்புடையது. தமிழைப் போலவே அங்கும் வினை இறுதியில் நிற்கும். அடைமொழிகள் பெயருக்கு முன்னே வரும். எழுவாய் தோன்றாது நிற்றல் இயல்பு. ஆயின் தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தேன்' என்று வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினைக்கு அத்தகைய பால், எண், இட விகுதி இல்லை. யார் வந்தார் என்பதைப் படிப்பவனே சூழலால் உணரவேண்டும். 'கெஞ்சி கதை' போன்ற பழம்படைப்புகளில் இவ்வருமை இன்னும் மிகும். அங்கே மரியாதைச் சொற்களே வழிகாட்டி: எவ்வளவு உயர்வு தரும் வினை என்பதைக் கொண்டு, செய்தவர் அரசரா, பணிப்பெண்ணா என்று மாணவன் பிரித்தறிய வேண்டும். ஆகவே 'இத்தொடரில் செய்தவர் யார்?' என்பது பழம்பனுவல் வினாத்தாளின் நிலைத்த வினாக்களுள் ஒன்று. சங்கப் பாட்டில் இது தலைவி கூற்றா, தோழி கூற்றா என்று துணியாமல் பொருள்கொள்ள இயலாது என்பதை அறிந்தோர்க்கு அவ்வினாவின் பயன் விளங்கும். இத்தகைய வினாவுக்கு விடை பெரும்பாலும் ஒன்றே. அதனைப் பொதுத் தேர்வால் நேர்மையாக அளக்க முடியும்.

இவ்வடிப்படைத் திறம் மாணவரிடம் உண்டு என்று நம்பியிருந்த நம்பிக்கையை அசைத்தவர், தேசியத் தகவலியல் நிறுவனத்தைச் சார்ந்த கணித அறிஞர் அராய் நோரிகோ. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதும் கணிப்பொறி ஒன்றை உருவாக்கும் திட்டத்தை 2011இல் தொடங்கியவர் அவர். பொருளை உணராமலேயே கணிப்பொறி பெருந்தொகை மாணவரைவிட மிகுந்த மதிப்பெண் பெறக் கண்டவர், மாணவர் மட்டும் பொருளுணர்ந்து படிக்கின்றனரா என வினவி, வாசிப்புத் திறன் தேர்வு ஒன்றை வகுத்தார். 2018இல் வெளிவந்த அவர் நூல் நாடெங்கும் பேசப்பட்டது. அத்தேர்வின் வினா ஒன்று பின்வரும் கருத்தினது: அலெக்ஸ் என்பது ஆண், பெண் இருபாலார்க்கும் வழங்கும் பெயர், அலெக்சாண்டிரா என்னும் பெண்பெயரின் செல்லப்பெயர் அது, அலெக்சாண்டர் என்னும் ஆண்பெயரின் செல்லப்பெயரும் அதுவே. அவ்வாறாயின் அலெக்சாண்டிராவின் செல்லப்பெயர் யாது? விடை கண்முன்னே உள்ளது. எனினும் இடைநிலை மாணவருள் நூற்றுக்கு 38 பேரும், மேல்நிலை மாணவருள் 65 பேருமே 'அலெக்ஸ்' என்றனர். 'பெண்' என்ற விடையைத் தேர்ந்தோர் பலர். 'செல்லப்பெயர்' என்ற அறியாத சொல்லைத் தாண்டிச் சென்று, 'அலெக்சாண்டிரா ஒரு பெண்' என்று தமக்குத் தெரிந்த தொடராக அதனை மாற்றிப் படித்தனர் என்பது அவர் தந்த விளக்கம். தெரியாத சொல்லைத் தாண்டிப் படிக்கும் வழக்கம் உரைநடையையே இவ்வாறு குலைக்குமாயின், சொல்லுக்குச் சொல் நின்று படிக்கவேண்டிய கவிதையை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இது ஒரு முனை. மறுமுனையிலிருந்து வந்த அடி, பன்னாட்டு அளவையினுடையது. பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு பதினைந்து வயது மாணவர்க்கு நடத்தும் 'பீசா' ஆய்வில், 2000ஆம் ஆண்டு வாசிப்பில் ஜப்பான் 522 புள்ளியோடு 8ஆம் இடத்தில் நின்றது. 2003இல் அது 498 புள்ளியாகக் குறைந்து 14ஆம் இடத்துக்கு இறங்கியது. 'பீசா அதிர்ச்சி' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. வரிசையைவிடக் கருதத்தக்கது வேறொன்று: தம் சொற்களால் எழுதவேண்டிய வினாக்களுக்கு ஜப்பானிய மாணவருள் பலர் ஒன்றுமே எழுதாது இடத்தை வெறுமையாக விட்டிருந்தனர். ஓர் எழுத்தாளரின் கருத்தை எடுத்துரைக்கச் சொன்னால் எடுத்துரைப்பர். 'இருவர் கருத்தில் எவருடையதை ஏற்கிறாய்? உரையிலிருந்து காரணம் காட்டுக' என்றால் பேனா நின்றுவிடுகிறது. விலக்கு முறையில் பயின்ற கை, எழுதும் முறையில் தயங்கியது இயல்பே.

இதன் எதிரொலியாக, 2007இல் தொடங்கிய நாடு தழுவிய கல்வித் திறன் ஆய்வில், இடைநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு மொழித்தாள் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் தாள் அறிவுக்கு; இரண்டாம் தாள் அதனைப் பயன்படுத்துவதற்கு. அறிவையும் பயனையும் அவ்வாறு கூறுபோட இயலாது என்ற எண்ணம் வலுத்து 2019இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. வாசிப்பில் ஜப்பானின் பீசா நிலை அதன்பின் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது: 2012இல் 4ஆம் இடம், 2018இல் 15ஆம் இடம், 2022இல் 516 புள்ளியோடு 3ஆம் இடம். பத்தாண்டுக்குள் ஒரு நாட்டின் வாசிப்பு அவ்வளவு வீழ்ந்து அவ்வளவு எழுந்தது என்று எவரும் நம்பார். தாளில் நடந்த தேர்வு 2015இல் கணிப்பொறிக்கு மாறியது போன்ற புறக்காரணங்களையும் எண்ணவேண்டும். அளவுகோலும் அசைகிறது என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். மாணவன் தன் சொல்லால் விடை எழுதும் வினாக்களை ஐந்து இலட்சம் பேர் எழுதும் பொதுத் தேர்விலேயே புகுத்துவது என்று கல்வி அமைச்சகம் முடிவு செய்தது. 2017இல் முன்னோட்டத் தேர்வு நடந்தது. கொடுக்கப்பட்ட பகுதி கதையன்று, கட்டுரையன்று. பள்ளி மாணவர் மன்றத்தின் விதித்தொகுப்பும், அதுபற்றி மாணவர் நிகழ்த்தும் உரையாடலும் ஆகும். இறுதி வினாவுக்கு 80 முதல் 120 எழுத்துகளுக்குள், விதித்த நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேற, விடை எழுத வேண்டும். எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியோர் நூற்றுக்கு 0.7 பேர். மறு ஆண்டு வினா எளிதாக்கப்பட்டது. நீண்ட விடைக்கு அவ்விழுக்காடு 15 ஆயிற்று.

ஆனால் இடர் மாணவரிடம் மட்டும் இல்லை. ஐந்து இலட்சம் எழுத்துவிடைகளைச் சில நாட்களுக்குள் திருத்த ஆயிரக்கணக்கானோர் வேண்டும். அவர்கள் அனைவரும் ஒரே கண்ணோடு படிக்க வேண்டும். ஒரே கண்ணோடு படிக்கவேண்டுமானால் விடையில் ஐயத்துக்கு இடமிருத்தலாகாது; ஐயத்துக்கு இடமில்லா விடை வேண்டுமானால் நிபந்தனைகளைப் பெருக்க வேண்டும். நிபந்தனைகள் பெருகப் பெருக, சிந்தனையை எழுதவைக்க வந்த வினா, படிவம் நிரப்பும் வினாவாகச் சுருங்கிற்று. மற்றோர் இடரும் உண்டு. தேர்வு முடிந்ததும் மாணவர் தம் விடைகளைத் தாமே திருத்திப் பார்த்து, அம்மதிப்பெண்ணை நம்பியே எப்பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்று துணிவர். முன்னோட்டத் தேர்வில், எழுத்துவிடைக்குத் தாமே இட்ட மதிப்பும் திருத்தியோர் இட்ட மதிப்பும் பத்தில் மூவர்க்கு ஒத்துவரவில்லை. தான் எழுதியது சரியா என்று தனக்கே தெரியாத நிலையில் ஒருவன் தன் எதிர்காலத்தைத் துணியவேண்டும் என்பது கொடுமை என ஆசிரியரும் மாணவரும் குரல் எழுப்பினர். 2019 டிசம்பரில் அமைச்சர் ஹகியுதா கொய்ச்சி அத்திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். பலவுள் தெரிவே பொதுத் தேர்வில் நிலைத்தது.

எழுத்துவிடையே இயலாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பொதுத் தேர்வுக்குப்பின் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நடத்தும் இரண்டாம் கட்டத் தேர்வுகளில் அது நெடுங்காலமாக வாழ்கிறது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் மொழித்தாளில் வினாக்கள் எழுத்துவிடையையே வேண்டுவன. கட்டுரை முழுவதையும் உட்கொண்டு 100 முதல் 120 எழுத்துகளுக்குள் விளக்கச் சொல்லும் வினா அங்குப் பெயர்பெற்றது. அங்கு எழுதுவோர் சில ஆயிரவர், திருத்துவோர் அப்பல்கலைக்கழகத்தார். ஆக, எதனை அளக்க முடியும் என்பதை முடிவு செய்வது வாசிப்பின் இயல்பு மட்டும் அன்று. எழுதுவோர் தொகையும் ஆகும்.

தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதுவே வகுப்பில் படிக்கப்படும் என்பது எந்நாட்டுக்கும் பொது. 2018இல் வெளியிடப்பட்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த மேல்நிலைப் பாடத்திட்டம் இதற்குச் சான்று. அதன்படி முதலாண்டின் கட்டாயப் பாடம் 'தற்கால நாட்டுமொழி', 'மொழிப் பண்பாடு' என இரண்டாயிற்று. பின்னாண்டுகளின் விருப்பப் பாடங்களுள் 'தருக்க நாட்டுமொழி'யும் 'இலக்கிய நாட்டுமொழி'யும் தனித்தனியே நின்றன. நான்கு பாட அலகுகள் கொண்ட இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கப் பல பள்ளிகளில் நேரம் போதாது. எனவே தருக்கத்தைக் கொண்டு இலக்கியத்தை விடுவர் என்று எழுத்தாளரும் ஆய்வாளரும் கவலை தெரிவித்தனர். தற்கால நாட்டுமொழி நூலில் புனைகதைக்கு இடமில்லை என்று கருதப்பட்டிருந்த நிலையில், ஒரு பதிப்பகம் ஐந்து புனைகதைகளைச் சேர்த்த பாடநூலை முன்வைத்தது. அதற்கு ஏற்பு கிடைத்தது. பிற பதிப்பகங்கள் முறையிட்டன. பள்ளிகளோ அந்நூலையே மிகுதியாகத் தேர்ந்தன. ஆசிரியர் எதனைக் கற்பிக்க விரும்பினர் என்பதை அத்தெரிவு காட்டியது.

அவ்வைந்து கதைகளுள் ஒன்று அகுதகவா ரியூனொசுகேயின் 'ரஷோமோன்'. வேலையிழந்த பணியாள் ஒருவன், பட்டினியால் இறப்பதா, திருடுவதா என்று பாழடைந்த வாயிலின் கீழ் நின்று தயங்கி, இறுதியில் ஒரு மூதாட்டியின் ஆடையைப் பறித்து இருளில் மறைகிறான். 1915இல் முதலில் வெளிவந்தபோது, அவன் கொள்ளையிட நகருக்கு விரைந்தான் என்ற கருத்தோடு கதை முடிந்தது. பின்னர் ஆசிரியரே அம்முடிவை மாற்றி, அவன் சென்ற இடம் எவர்க்கும் தெரியாது என்னும் கருத்தில் நிறுத்தினார். அவன் என்ன ஆனான் என்ற வினாவுக்கான விடையை ஆசிரியரே தம் கையால் அழித்துவிட்டார். 'மிகப் பொருத்தமான' விடையைத் தேடும் தேர்வு அவ்வெற்றிடத்தின்முன் செய்வதறியாது நிற்கும். வகுப்பறையில் உரையாடல் தொடங்குவதோ அங்கேதான்.

வினா அமைப்போர் இதனை உணராதவர் அல்லர். 2018 முன்னோட்டத் தேர்வில் கவிஞர் யோஷிஹாரா சச்சிகோவின் 'காகிதம்' என்னும் கவிதையும், அவரே எழுதிய கட்டுரை ஒன்றும் அருகருகே வைக்கப்பட்டன. ஒருவரே இருவகையில் எழுதியவற்றை ஒன்றன் ஒளியில் மற்றதைப் படிக்கவைத்த முயற்சி அது. 2021இன் முதல் பொதுத் தேர்வில், கானோ சகுஜிரோவின் 'ஹவோரியும் கடிகாரமும்' என்னும் கதைப் பகுதியோடு, அக்கதையைக் குறைகூறிய அக்காலத் திறனாய்வாளர் மியாஜிமா ஷின்சபுரோவின் கருத்தும் தரப்பட்டது. ஒரு கதையை இருவர் இருவிதமாகப் படிக்கலாம் என்பதைத் தேர்வுத்தாளே அங்குக் கற்பித்தது. விடை ஒன்றே எனினும் வாசிப்பு ஒன்றன்று என மாணவன் அறிந்தான். 2025 முதல் தேர்வு நேரம் 90 மணித்துளிகளாகி, விளக்கப்படங்களும் குறிப்புகளும் கொண்ட நடைமுறைப் பகுதிக்கு 20 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. ஏனைய நான்கு பகுதிகளும் 45 ஆகக் குறைந்தன. இலக்கியம் தேர்விலிருந்து வெளியேறவில்லை. சற்றே ஒதுங்கி இடம் தந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் வாசிப்பில் மூன்று படிகள் புலனாகின்றன. யார், என்ன செய்தார் என்று தொடரைப் பிழையறப் படித்தல் முதற்படி. ஏன், எவ்வாறு என்பதற்கு உரைக்குள்ளேயே சான்று காணுதல் இரண்டாம் படி. சான்றோடு தன் தீர்ப்பைச் சொல்லுதல் மூன்றாம் படி. முதலிரண்டையும் பொதுத் தேர்வு அளக்கலாம், அளக்கவும் வேண்டும். அலெக்ஸ் எவர் பெயர் என்று அறியாதவன் ரிச்சோவின் துயரை அறிந்தான் எனல் பொருந்தாது. மூன்றாம் படியை ஐந்து இலட்சம் தாள்களில் ஒரே கோலால் அளக்க முயன்றபோது, கோலுக்கேற்ப வினா குறுகியதை மேலே கண்டோம். அப்படியின் இடம் வகுப்பறை. மாணவனின் பெயரும் பேச்சும் அறிந்த ஆசிரியர், இரு மாறுபட்ட விடைகளையும் கேட்டு, 'சான்று எங்கே?' என்று இருவரையும் உரைக்குத் திருப்பி அனுப்பும் இடம் அது. திருக்குறளுக்கு உரை கண்டோர் தம்முள் மாறுபட்டனர். மாறுபட்டமையால் எவரும் தோற்றவராகக் கருதப்படவில்லை. காரணம் காட்டினர் என்பதாலேயே அவ்வுரைகள் இன்றும் வாழ்கின்றன.

அஞ்சத்தக்கது ஒன்றே. மூன்றாம் படியைத் தேர்வு அளக்கவில்லை என்பதால் அது தேவையற்றது என வகுப்பறையும் எண்ணிவிடுமாயின், குறை எது என்று கேட்கும் வழக்கமே அற்றுப்போகும். கவிதை கேட்டு, இதில் ஏதோ குறைகிறது என்று உணரவும், அதனைச் சொல்லத் துணியவும் வல்ல செவிகள் இல்லாத நாட்டில் கவிஞன் யாருக்குப் பாடுவான்? பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுக் குறைநிறை கூறிவரும் இவ்வட்டத்துக்கு அவ்வினாவின் எடையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

'சங்கெட்சுகி'யின் தொடக்கத்திலேயே ஒரு செய்தி உள்ளது. ரிச்சோ அரசுத் தேர்வில் வென்றபோது அவன் பெயர் வெற்றியாளர் பட்டியலில் ஏறியது. அப்பட்டியலுக்குப் 'புலிப் பலகை' என்று பெயர். அன்று தேர்வு அவனைத் தேறியவன் என்று அறிவித்தது. அவ்வறிவிப்பில் பிழை ஒன்றும் இல்லை. அவன் கவிதையில் குறைந்தது எது என்பதை அறிய மட்டும், விடியற்காலையில் புதரருகே நின்று காதுகொடுத்துக் கேட்ட ஒரு நண்பன் வேண்டியிருந்தது.